குழந்தை கீழே ஆஸ்பத்திரியில்... குடும்பம் மேலே மலையில்!

வாசக சகோதரிகளே, ஒரு காட்சியை மனசிலே கொண்டு வந்து பாருங்கள்.

ஜவ்வாது மலையில் ஒரு சின்னக் கிராமம். சாமை அறுப்புக்குத் தயாராக நிற்கிறது. வீட்டில் மூன்று குழந்தைகள். கடைக்குட்டிக்கு நாலு நாளாக ஜுரம். முதல் நாள் கஷாயம் கொடுத்தார்கள். இரண்டாம் நாள் மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். மூன்றாம் நாள் குழந்தை பால் குடிக்க மறுத்தது. நாலாம் நாள் விடியற்காலையில் அதன் கண்கள் செருகின. தாய் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஒற்றையடிப் பாதை, அப்புறம் தார் ரோடு, அப்புறம் பஸ்ஸோ ஆம்புலன்ஸோ. கடைசியில் போளூர், திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் இவற்றில் ஏதோ ஓர் ஊரின் பெரிய ஆஸ்பத்திரி.

"பத்து நாளாவது இருக்கணும்மா" என்கிறார் டாக்டர்.

அவளுக்குத் தலை சுற்றுகிறது. பத்து நாளா? மேலே இரண்டு பிள்ளைகள் இருக்கிறதே! ஆடுகளை யார் ஓட்டுவது? சாமையை யார் அறுப்பது? கண் தெரியாத மாமியாருக்கு யார் கஞ்சி ஊற்றுவது? வீட்டுக்காரர் கூட இருந்தால் கூலி போச்சு. கூட இல்லையென்றால் மருந்து வாங்கி வரக்கூட ஆள் இல்லை.

நோய் வந்தது ஒரு குழந்தைக்குத்தான். ஆனால், படுத்துவிட்டது குடும்பம் முழுவதும்!

இந்தக் கட்டுரையில் நாம் பேசப் போவது அதைப் பற்றித்தான். நோயுற்ற குழந்தையைப் பார்த்துக்கொள்ள டாக்டரும் நர்ஸும் இருக்கிறார்கள். அந்தக் குழந்தையின் வீட்டை யார் பார்த்துக்கொள்வது?

நட்சத்திரம் தெரிகிறது, பாதை தெரியவில்லை

ஜவ்வாது மலை நமக்கு ரொம்ப தூரத்தில் இல்லை. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. ஜமுனாமரத்தூர்தான் மலையின் முக்கிய ஊர். சாமையும் புளியும் பலாவும் தேனும் அங்கிருந்து இறங்கி நம் சமையலறைக்கு வருகின்றன. அங்கே வாழ்பவர்கள் பெரும்பாலும் 'மலையாளி' என்று அழைக்கப்படும் பழங்குடி மக்கள். பெயரைப் பார்த்து, கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள்! மலையை ஆள்பவர் என்ற பொருளில் வந்த பெயர். பேசுவது தமிழ்தான். காஞ்சிபுரத்திலிருந்து முன்னோர் வந்ததாக வழிவழியாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

இந்த மலையிலே காவலூரில் ஒரு பெரிய தொலைநோக்கி இருக்கிறது. 1986-ஆம் ஆண்டு முதல் வைணு பாப்பு வானாராய்ச்சி நிலையம் என்று பெயர். கோடானுகோடி மைல் தள்ளியிருக்கும் நட்சத்திரத்தை அங்கிருந்து பார்க்கிறார்கள். ஆனால் அதே மலைத் தொடரை ஒட்டி, வேலூர் மாவட்டம் அணைக்கட்டுக்கு அருகே உள்ள அல்லேரி மலையில் 2023 மே மாதம் நடந்ததைக் கேளுங்கள். தூங்கிக்கொண்டிருந்த ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்துவிட்டது. சரியான ரோடு இல்லை. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது. உடலை ஏற்றிவந்த ஆம்புலன்ஸும் பாதி வழிக்கு மேல் போக முடியாமல் நின்றுவிட, பெற்றவள் குழந்தையின் உடலைக் கையில் ஏந்தி மலைப்பாதையில் நடந்தாள். அந்தப் படத்தைப் பத்திரிகைகளில் பார்த்தவர்கள் அதை லேசில் மறந்திருக்க மாட்டார்கள்.

வசதி ஒன்றுமே இல்லை என்று சொல்லவில்லை. 2008 முதல் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. ஜமுனாமரத்தூரில் அரசு சிகிச்சை வசதி உண்டு. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியின் சமூக மருத்துவப் பிரிவினர் நெடுங்காலமாக மலைக்கு வந்துபோகிறார்கள். வேலூரை அடுத்த அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆனால் ஆஸ்பத்திரி வரைக்கும் குழந்தையைக் கொண்டுபோய்ச் சேர்த்த பிறகு, மேலே இருக்கும் அடுப்பு எரிய வேண்டுமே! அதற்கு எந்த ஆம்புலன்ஸும் இல்லை.

வைத்தியம் பார்க்க வந்தவர்கள் வீட்டிலும்...

இன்னொரு பக்கத்தையும் பார்க்கலாம். மலையில் நோயாளிகளைக் கவனிக்கக் கடல் கடந்து வந்து தங்கியவர்கள் இருந்தார்களே, அவர்கள் வீட்டுக் குழந்தைக்கு ஜுரம் வந்தால் என்ன செய்தார்கள்? அவர்களுக்கு மாமியார் இல்லை, நாத்தனார் இல்லை, பக்கத்து வீட்டு அக்கா இல்லை. அவர்கள் கதையில் நமக்குப் பாடம் இருக்கிறது.

வேலூர் என்றதும் ஸ்கடர் குடும்பம் நினைவுக்கு வரும். அந்த வம்சத்தில் முதலில் புறப்பட்டவர் ஜான் ஸ்கடர் என்ற அமெரிக்க டாக்டர். 1819-இல் மனைவி ஹாரியட்டுடனும் சின்ன மகள் மரியாவுடனும் கப்பல் ஏறினார். போக வேண்டிய இடம் இலங்கை. வழியில் கல்கத்தாவில் இறங்கியபோது குழந்தை நோயில் விழுந்து இறந்துபோயிற்று. தந்தையோ டாக்டர்! இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. ஊர் பேர் தெரியாத இடத்தில் புதைத்துவிட்டு, அந்தத் தாய் மறுபடி கப்பல் ஏறினாள். என்ன மனசோடு ஏறியிருப்பாள் என்று நினைத்துப் பாருங்கள்.

அவர்களுடைய பேத்திதான் ராணிப்பேட்டையில் 1870-இல் பிறந்த ஐடா ஸ்கடர். பெற்றோர் இந்தியாவுக்குத் திரும்பியபோது, பள்ளிப் பருவத்தில் அமெரிக்காவில் விட்டுவிட்டு வரப்பட்டவர். "எனக்கு இந்த ஊழியமே வேண்டாம்" என்று ஒதுங்கி நின்றவர். 1890-இல் திண்டிவனத்தில் அம்மா உடம்பு சுகமில்லாமல் படுத்துவிட்டார் என்று தகவல் போக, பக்கத்தில் இருந்து கவனித்துக்கொள்ளத்தான் வந்தார். வந்த இடத்தில் ஒரே இரவில் மூன்று இளம் பெண்கள் பிரசவத்தில் உயிர்விட்டதைக் கண்டு மனம் மாறி, டாக்டருக்குப் படித்து, 1900-இல் திரும்பி வந்து வேலூர் ஆஸ்பத்திரிக்கு வித்திட்டார். அது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனால் அந்தக் கதை, நோயுற்ற தாயைப் பார்க்க வந்த ஒரு மகளிடமிருந்து ஆரம்பிக்கிறது என்பதை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை.

கொல்லிமலை வீடு

ஜவ்வாது மலையில் வாழும் அதே மலையாளி மக்கள்தான் நாமக்கல் பக்கம் கொல்லிமலையிலும் வாழ்கிறார்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் அங்கே குடியிருந்த ஒரு குடும்பத்தின் கதைதான் நம் விஷயத்துக்கு மிக நெருக்கமானது.

ஜெஸ்ஸி பிராண்டு, ஈவ்லின் பிராண்டு – இங்கிலாந்துத் தம்பதி. ஈவ்லின் லண்டனில் வசதியாக வளர்ந்த பெண். 1913-இல் மலையடிவாரத்துச் சேந்தமங்கலத்தில் கல்யாணம். கல்யாணம் முடிந்த கையோடு கொல்லிமலைக்குப் பயணம். கொட்டுகிற மழையில், ரோடே இல்லாத மலையில், புது மணப்பெண் தொப்பல் தொப்பலாக நனைந்துகொண்டு ஏறினாராம்! வாழவந்தியில் மரத்தால் கட்டிய வீடு. ஜெஸ்ஸி முழு டாக்டர் இல்லை. கொஞ்ச காலம் மருத்துவப் பயிற்சி பெற்றவர். ஆனால் அந்த மலையில் வேறு டாக்டரே கிடையாது. புண், ஜுரம், பல்வலி எல்லாவற்றுக்கும் அவர் வாசலில்தான் கூட்டம்.

1914-இல் மகன் பால் பிறந்தான். பிறகு மகள் கானி. அந்தக் காலத்தில் கொல்லிமலை என்றால் மலேரியா. வீட்டில் யாராவது ஒருவர் கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டே இருப்பார்கள். அப்பா எழுந்தால் அம்மா படுப்பாள். அம்மா எழுந்தால் பிள்ளை படுப்பான். கசக்கும் கொய்னா மருந்துதான் துணை. வாசலில் நோயாளிகள் காத்திருக்க, உள்ளே சொந்தப் பிள்ளைக்கு ஜுரம் கொதிக்கும். எதை முதலில் பார்ப்பது?

இந்தக் கேள்விக்கு அவர்கள் ஏதோ பெரிய தத்துவம் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை. எழுந்து நிற்க முடிந்தவர் முடியாதவருக்குச் செய்தார். அவ்வளவுதான்.

1918-இல் உலகம் முழுவதையும் ஆட்டிப்படைத்த விஷ ஜுரம், அதாவது இன்ஃப்ளூயன்ஸா, கொல்லிமலையையும் விடவில்லை. வீடு வீடாக ஜனங்கள் விழுந்தார்கள். நோய்க்குப் பயந்து ஆளுக்கு ஆள் ஓடினார்கள். தண்ணீர் கொடுக்கக்கூட ஆள் இல்லாமல் கிடந்தவர்கள் பலர். அந்த ஜுரத்துக்கு அப்போது மருந்து ஏது? பிராண்டு தம்பதி செய்த வைத்தியம் என்ன தெரியுமா? கஞ்சி! அரிசிக் கஞ்சியைக் காய்ச்சி எடுத்துக்கொண்டு குடிசை குடிசையாகப் போய் ஊட்டினார்கள்.

அந்த மலையில் அவர்களைக் கண்டாலே பிடிக்காத பூசாரி ஒருவர் இருந்தார். அவரும் மனைவியும் ஜுரத்தில் விழுந்தார்கள். யாரும் எட்டிப் பார்க்கவில்லை. கஞ்சியோடு இவர்கள்தான் போனார்கள். சாகும் தறுவாயில் அந்தப் பூசாரி, தம் பிள்ளைகளை இவர்கள் கையில் ஒப்படைத்தார். பெண் குழந்தையோ கைக்குழந்தை. அதுவும் நோயில் துவண்டு கிடந்தது. ஈவ்லின் தம் குழந்தைகளோடு அதையும் மடியில் போட்டுக்கொண்டு, இரவு பகலாகக் கண் விழித்துக் காப்பாற்றினார். ரூத் என்று பெயர் வைத்தார். பாலுக்கும் கானிக்கும் ஒரு தங்கை கிடைத்தாள்.

கவனியுங்கள். அந்தத் தகப்பன் கடைசி மூச்சில் கேட்டது என்ன? "என்னைப் பிழைக்க வையுங்கள்" என்றா? "என் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றல்லவா! நோயில் கிடக்கிற யாருக்கும், அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தாய்க்கும், நெஞ்சை அரிக்கிற கவலை அதுதான்.

பிள்ளைகள் கொடுத்த விலை

கதையை இத்தோடு நிறுத்தினால் இனிப்பாக இருக்கும். ஆனால் மிச்சத்தையும் சொல்ல வேண்டும்.

1923-இல் பாலுக்கு வயது ஒன்பது. கானி அவனுக்கு இளையவள். படிப்புக்காகவும் உடல்நலத்துக்காகவும் இருவரையும் லண்டனுக்கு அழைத்துப்போய், அத்தை பெரியம்மாக்கள் இருந்த வீட்டில் விட்டுவிட்டு, தம்பதி கொல்லிமலைக்குத் திரும்பினார்கள். மரத்தில் ஏறி உட்கார்ந்து பாடம் படித்த பையன், சந்தடி மிகுந்த பட்டணத்தில் அடைபட்டான். வாராவாரம் கடிதம் வரும். மலையில் பார்த்த பூச்சி, மரம், பறவை பற்றியெல்லாம் அப்பா எழுதுவார். அடுத்த வருஷம் விடுமுறையில் வந்துவிடுவார்கள் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்த சமயம்...

1929 ஜூன். ஜெஸ்ஸியைப் பிடித்தது ஒரு கொடிய ஜுரம். மலேரியா முற்றி, ரத்த அணுக்கள் அழிந்து, சிறுநீர் கறுத்துப்போகும் நோய். அவருக்கு வயது நாற்பத்து நாலுதான். மலையிலேயே உயிர் போய்விட்டது. லண்டனுக்குத் தந்தி போயிற்று. கடிதங்கள் கப்பலில் அல்லவா வர வேண்டும்? தந்தி வந்த பிறகும் பல நாள், இறந்துபோன அப்பாவின் கடிதங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. பதினாலு வயதுப் பிள்ளை அவற்றைப் பிரித்துப் படித்தான். கூட உட்கார்ந்து அழ அம்மாவும் இல்லை.

பின்னால் லண்டன் வந்த ஈவ்லினைப் பார்த்தபோது, தான் நினைவில் வைத்திருந்த அழகான அம்மா இவர்தானா என்று மகன் திகைத்துப்போனான். துக்கம் அவரை அப்படி ஒடித்திருந்தது. ஆனாலும் அவர் மறுபடியும் மலைக்கே திரும்பினார். ஓய்வு வயது வந்து சங்கம் ஓய்வு கொடுத்த பிறகும் விடவில்லை. மலை மலையாகப் போனார். முதிய வயதில் இரண்டு கைகளிலும் மூங்கில் கழி ஊன்றி நடந்தார். 1974-இல் தொண்ணூற்றைந்தாம் வயதில் இறந்து, கொல்லிமலையில் கணவர் பக்கத்திலேயே அடக்கமானார். மகன் பால் பிராண்டு டாக்டராகி, 1946-இல் வேலூருக்கு வந்தார். குஷ்டரோகத்தால் மடங்கிப்போன கைவிரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்திக் காட்டி உலகப் புகழ் பெற்றார்.

"ஆகா, என்ன தியாகம்!" என்று நாம் கையெடுத்துக் கும்பிட்டுவிடுகிறோம். கும்பிடலாம், தப்பில்லை. ஆனால் தியாகம் செய்தது பெரியவர்கள் மட்டுமா? அந்த ஒன்பது வயதுப் பையனும் அவன் தங்கையும் கொடுத்த விலையை யார் கணக்குப் பார்த்தார்கள்? அவர்களை யாரும் கேட்கவில்லையே! அந்தக் காலத்தில் மலையில் பள்ளிக்கூடம் இல்லை. மலேரியாவுக்கு மாற்று இல்லை. வேறு வழியும் இல்லை. இன்றைக்கு நமக்கு வழி இருக்கிறது. அதனால் அவர்களிடமிருந்து கஞ்சியைக் கற்றுக்கொள்வோம். பிரிவை முடிந்தவரை தவிர்க்கக் கற்றுக்கொள்வோம்.

நாம் என்ன செய்யலாம்?

உங்கள் தெருவிலோ சொந்தத்திலோ ஒரு குழந்தை பெரிய நோயில் கிடக்கிறது என்று வையுங்கள். இருதய ஆபரேஷன், புற்றுநோய், சிறுநீரகக் கோளாறு, எதுவானாலும் சரி. பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவதற்கு முன்னால் இதைப் படியுங்கள்.

கேள்வி வேண்டாம், சோறு கொண்டு போங்கள். "எப்படி ஆச்சு? எத்தனை நாளா இருக்கு? எங்க அண்ணன் பெண்ணுக்கும் இப்படித்தான் வந்து..." என்று ஆரம்பிக்காதீர்கள். அவள் அதே கதையை ஐம்பது பேரிடம் சொல்லி ஓய்ந்திருப்பாள். "நீ சாப்பிட்டியா?" – இந்த ஒரு கேள்வி போதும். ரசம் சாதமும் ஒரு துவையலும் டப்பாவில் போட்டுக்கொண்டு போங்கள். டப்பாவைத் திருப்பிக் கேட்காதீர்கள்.

இரண்டு மணி நேரம் கொடுங்கள். "ஏதாவது வேணும்னா சொல்லு" என்றால் யாரும் சொல்ல மாட்டார்கள். "செவ்வாய்க்கிழமை ரெண்டு மணிக்கு வரேன், நாலு மணி வரைக்கும் நான் குழந்தைகிட்ட இருக்கேன். நீ குளிச்சு, கொஞ்சம் தூங்கு" என்று நாளும் நேரமும் சொல்லுங்கள். சொன்னபடி போங்கள். தூங்காத தாய் மருந்து வேளையைத் தப்பவிடுவாள். அவளைத் தூங்க வைப்பதும் குழந்தைக்குச் செய்கிற வைத்தியம்தான். உங்களுக்கே சளியோ ஜுரமோ இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

வீட்டிலிருக்கும் மற்ற பிள்ளைகளை மறக்காதீர்கள். எல்லோர் கண்ணும் நோயாளிக் குழந்தை மேல். மற்றது ஒரு மூலையில் நிற்கும். 'நான் அவனை அடிச்சேனே, அதனாலதான் அவனுக்கு உடம்பு வந்துடுச்சோ' என்று அது தனக்குள் பயந்துகொண்டிருக்கும். "உன்னால இல்லைடா கண்ணு" என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். "அம்மா நாளைக்கே வந்துடுவா" என்று பொய் சொல்லாதீர்கள். நாளை வரும், அம்மா வர மாட்டாள், அப்புறம் நீங்கள் எது சொன்னாலும் அது நம்பாது. "தம்பிக்கு நெஞ்சிலே ஆபரேஷன் பண்ணியிருக்காங்க. அம்மா கூட இருக்கணும். தினமும் சாயங்காலம் போன்ல பேசுவா" என்று உள்ளதைச் சின்னதாகச் சொல்லுங்கள். அந்தச் சாயங்கால போன் மட்டும் தவறக் கூடாது. பள்ளிக்கூடம், தலை பின்னல், வழக்கமான தூக்க நேரம் – இவை மாறாமல் இருந்தால் பிள்ளை பாதி தேறிவிடும்.

கூலியையும் பாருங்கள். மலைக் குடும்பமோ பட்டணத்துக் குடும்பமோ, அப்பா வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது. ஆட்டை ஓட்ட, கதிரை அறுக்க, கடையைத் திறக்க யாராவது ஒருவர் முன்வந்தால், அது ஆயிரம் ரூபாயைக் கையில் திணிப்பதைவிடப் பெரிய உதவி. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 முதல் இருக்கிறது. குடும்ப அட்டையையும் வருமானச் சான்றையும் எடுத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியிலேயே இருக்கும் காப்பீட்டுப் பிரிவில் விசாரிக்கச் சொல்லுங்கள். அந்தக் காகிதங்களுக்காக அலைகிற வேலையை நீங்கள் ஏற்றுக்கொண்டால் இன்னும் நல்லது.

ஒரு நோட்டு, ஒரு பை. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கொடுங்கள். ஜுரம் எவ்வளவு, எப்போது மருந்து கொடுத்தது, எடை எவ்வளவு, டாக்டர் என்ன சொன்னார் – எல்லாம் தேதியோடு அதில் எழுத வேண்டும். சீட்டு, எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனைத் தாள் எல்லாம் ஒரே பையில் இருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத தாய் என்றால், பள்ளிக்கூடம் போகும் மூத்த பிள்ளையையோ பக்கத்துக் கட்டில்காரரையோ எழுதித் தரச் சொல்லலாம்.

எப்போது ஓட வேண்டும்?

ஆஸ்பத்திரி தூரத்தில் இருக்கும் தாய்மார்கள், 'இன்னிக்கு ஒரு நாள் பார்ப்போம்' என்று இருந்துவிடுவது எப்போது கூடாது என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தையிடம் கீழே உள்ளவற்றில் எது ஒன்று தெரிந்தாலும் உடனே கிளம்ப வேண்டியதுதான்:

• பாலோ தண்ணீரோ குடிக்க முடியவில்லை.
• எதைக் கொடுத்தாலும் முழுக்க வாந்தி எடுத்துவிடுகிறது.
• வலிப்பு வந்தது.
• கூப்பிட்டால் விழிக்கவில்லை, துவண்டு கிடக்கிறது.
• மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுகிறது.

மூச்சை எண்ணவும் கற்றுக்கொள்ளுங்கள். குழந்தை அழாமல் இருக்கும்போது கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் முழுவதும் எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒரு வயது முதல் ஐந்து வயது வரை 40. இந்த எண்ணிக்கையோ அதற்கு மேலோ இருந்தால் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட பச்சைக் குழந்தைக்கு ஜுரம் அடித்தாலே காத்திருக்கக் கூடாது.

வலிப்பு வந்தால் குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் சாவி, இரும்பு கொடுப்பதும், வாயில் ஸ்பூனோ தண்ணீரோ வைப்பதும் கூடாது. பேதி என்றால் உப்பு-சர்க்கரைப் பொட்டலத்தை, அதாவது ஓ.ஆர்.எஸ்.ஸை, அதில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுவதும் கரைத்து, போகிற வழியெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே போங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். எடை குறைந்த பச்சைக் குழந்தையை, தாயின் வெற்று மார்போடு அணைத்து மேலே போர்த்திக்கொண்டு போனால் வழியில் உடம்பு சில்லிட்டுப்போகாது. பாம்பு கடித்தால் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர்கள். கடிபட்ட கையோ காலோ அசையாமல் வைத்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மந்திரிக்க நின்றால் நேரம் போய்விடும்.

தூர தேசம் போகிறீர்களா?

ஊழியத்துக்காக வடக்கே போகிறவர்கள், மலைப் பள்ளிக்கு ஆசிரியையாகப் போகிறவர்கள், வளைகுடாவுக்கு நர்ஸாகப் போகிறவர்கள் – எல்லோருக்கும் இது பொருந்தும். மூட்டை கட்டும்போதே சிலவற்றைத் தீர்மானித்துவிடுங்கள். குழந்தையின் தடுப்பூசி அட்டை கையில் இருக்கிறதா? குழந்தையின் ரத்த வகை தெரியுமா? போகிற இடத்தில் பக்கத்து ஆஸ்பத்திரி எது, ராத்திரியில் அங்கே போக வண்டி உண்டா? திடீரென்று திரும்பி வர டிக்கெட்டுக்குப் பணம் தனியாக ஒதுக்கியிருக்கிறீர்களா? ஊரில் ஒருவர், அத்தையோ சித்தியோ சிநேகிதியோ, "ராத்திரி எத்தனை மணிக்கு வேணும்னாலும் கூப்பிடு" என்று சொல்லக்கூடியவர் இருக்கிறாரா?

இன்னொன்று, மிக முக்கியம். குழந்தைக்குப் பெரிய நோய் என்று வந்தால் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்புவதா, வேண்டாமா என்று புருஷனும் மனைவியும் முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். உங்களை அனுப்புகிற இடத்திலும் அதைச் சொல்லிவிடுங்கள். திரும்பி வந்துவிட்டால், 'பாதியிலே விட்டுட்டு வந்துட்டாங்க' என்று நாலு பேர் பேசுவார்கள். பேசட்டும். நூறு குழந்தைக்கு மருந்து கொடுக்கப் போனவள் தன் குழந்தையின் கட்டில் பக்கத்தில் ஆறு மாதம் உட்கார்ந்தால், அது ஊழியத்துக்குச் செய்த துரோகம் ஆகாது. அனுப்பி வைத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை: தொண்டுக்குப் போனவர் நோயில்லாதவர் என்று எண்ணாதீர்கள். மாதா மாதம் பணம் அனுப்பும்போது, "குழந்தை எப்படியிருக்கு?" என்று ஒரு வரி சேர்த்துக் கேளுங்கள்.

கட்டில் பக்கத்தில் இருக்கும் அவளிடம் திரும்புவோம்

ஆரம்பத்தில் பார்த்த ஜவ்வாது மலைத் தாயை மறந்துவிடவில்லையே? ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு துணிப்பையைத் தலைக்கு வைத்துப் படுத்திருக்கிறாள். அவளுக்குத் தூக்கம் வரவில்லை. மூத்தது சாப்பிட்டிருக்குமா, நடுவுள்ளது அழுதிருக்குமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

அப்போது போன் அடிக்கிறது. பக்கத்து வீட்டுக்காரி பேசுகிறாள். "ஏ புள்ள, சாமையை நாங்க நாலு பேரு சேர்ந்து அறுத்துட்டோம். உம் மாமியா கஞ்சி குடிச்சுட்டுத் தூங்குது. ரெண்டு புள்ளைங்களும் எங்க வூட்லதான் இருக்குது. இந்தா, பேசு..."

இனி பத்து நாள் அல்ல, இருபது நாள் ஆனாலும் அவள் அந்தக் கட்டில் பக்கத்தில் தைரியமாக உட்கார்ந்திருப்பாள்.

சகோதரிகளே, உங்கள் தெருவில் அந்த போனைப் பேச வேண்டியவர் யார்? இன்றைக்கே ஒரு டப்பாவில் ரசம் சாதம் கட்டிக்கொண்டு கிளம்புங்களேன்!